அரிதாரமும் ஆய்வுக்கூடமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஒரு ஹாலிவுட் நடிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது உண்மைதானா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: பாதி மெய், மீதி, கைமாறக் கைமாறச் சேர்ந்த கற்பனை. அந்த நடிகை வியன்னாவில் பிறந்த ஹெடி லமார். ஆஸ்திரியாவின் ஆயுத உற்பத்தியாளர் ஒருவரை மணந்து, 1937-இல் அவரை விட்டு வெளியேறி, அமெரிக்கா சென்று எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் நட்சத்திரமானவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் சேர்ந்து, ‘இரகசியத் தகவல் தொடர்பு முறை’ என்ற கண்டுபிடிப்புக்கு 1941 ஜூனில் விண்ணப்பித்து, 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். காப்புரிமை எண் 2,292,387. அதில் நடிகையின் திரைப்பெயர் இல்லை. ஹெடி கீஸ்லர் மார்க்கி என்ற திருமணப் பெயரே இருக்கிறது.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது. கப்பலிலிருந்து செலுத்தப்பட்டு நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் வெடிகணையான டார்பிடோவை ரேடியோ அலையால் வழிநடத்தலாம். ஆனால் எந்த அலைவரிசையில் கட்டளை போகிறது என்பதை எதிரி கண்டுகொண்டால், அதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பி டார்பிடோவைத் திசை தடுமாறச் செய்துவிடுவான். ஆகவே கட்டளை ஓரிடத்தில் நில்லாமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் தாவ வேண்டும். இதற்குக் கைகொடுத்தது ஆந்தைலின் தொழில். துளையிட்ட காகிதச் சுருள் ஓட ஓடத் தானே வாசித்துக்கொள்ளும் தானியங்கி பியானோக்கள் அக்காலத்தில் வீடுகளில்கூட இருந்தன. அவற்றில் பதினாறை ஒருசேர இசைக்கச் செய்ய வேண்டும் என்று ஓர் இசைக்கோவையையே எழுதி, அதில் உள்ள சிரமத்தை அனுபவத்தில் அறிந்தவர் ஆந்தைல். அதே சுருளைக் கப்பலில் ஒன்றும் டார்பிடோவில் ஒன்றுமாக வைத்து, இரண்டையும் ஒரே கணத்தில் ஓடவிட்டால், துளை விழுந்த இடத்துக்கேற்ப இரு கருவிகளும் ஒன்றாகவே அலைவரிசை மாற்றும். இப்படித் தாவுவதற்கான அலைவரிசைகளின் எண்ணிக்கையாகக் காப்புரிமை ஆவணம் குறிப்பிடுவது 88. ஒரு பியானோவில் உள்ள கட்டைகளும் சரியாக 88.

கடற்படை அதை ஏற்கவில்லை. டார்பிடோவுக்குள் பியானோவை ஏற்றச் சொல்கிறார்கள் என்றே அதிகாரிகள் எண்ணியிருப்பார்கள் என்று ஆந்தைல் பிற்பாடு நொந்துகொண்டார். போர்க்கடன் பத்திரங்களை விற்றுத் தருவதற்கு நடிகையின் முகம் பயன்பட்டது; மூளை தேவைப்படவில்லை. 1959-இல் காப்புரிமைக் காலமும் முடிந்தது. அதனால் இருவருக்கும் ஒரு காசும் கிடைக்கவில்லை.

இனி, வைஃபைக்கு வருவோம். அலைவரிசை தாவும் முறையை இன்று நாள்தோறும் நம் கையில் வைத்திருப்பது புளூடூத். அதன் மூல வடிவம் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. வைஃபையின் 1997-ஆம் ஆண்டுத் தரநிலையில் இம்முறை ஒரு தெரிவாக மட்டும் இருந்து, விரைவிலேயே கைவிடப்பட்டது. இப்போதைய வைஃபை வேறு முறையில் இயங்குகிறது. போதாக்குறைக்கு, அலைவரிசையை மாற்றி மாற்றி அனுப்பும் எண்ணத்தை ஜெர்மானிய இயற்பியலாளர் ஸென்னெக் 1908-இலேயே தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே அந்த நடிகையை ‘வைஃபையின் தாய்’ என்று அழைப்பது பொருந்தாது. அந்தப் பட்டம் இல்லாமலே, படப்பிடிப்பு முடிந்து வந்து வரைபடம் போட்டு ஒரு காப்புரிமை வாங்கியது பெரிய காரியந்தான். 1997-இல், மின்னணு உலகில் மக்களின் உரிமைகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பு அவருக்கு முன்னோடி விருது அளித்தது; 2000 ஜனவரியில் அவர் காலமானார்.

கேள்வி: குவீன் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே வாங்கியது கௌரவ டாக்டர் பட்டமா, படித்துப் பெற்றதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: படித்துப் பெற்றது, அதுவும் மிகத் தாமதமாக. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970-இல் வானியல் ஆய்வைத் தொடங்கி, கானரித் தீவுகளில் உள்ள டெனரீஃபில் வானத்தை நோக்கி அளவீடுகளை எடுத்துக்கொண்டிருந்தவர், இசைக்குழு புகழ் பெற்றதும் 1974-இல் ஆய்வை நிறுத்தினார். கோள்கள் சுற்றும் தளத்தில் பரவிக்கிடக்கும் தூசு, சூரிய ஒளியைச் சிதறடிப்பதால், இருண்ட ஊர்களில் அந்தி மறைந்த பிறகு மேற்கே கூம்பு வடிவில் ஒரு மங்கிய ஒளி தெரியும். அந்தத் தூசு எந்த வேகத்தில் நகர்கிறது என்பதை ஒளியின் நிறமாலையைக் கொண்டு அளப்பதே அவருடைய ஆய்வு. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இத்துறையில் பெரிதாக யாரும் இறங்காததால், பழைய அளவீடுகள் செல்லாக்காசாகிவிடவில்லை. 2007-இல் ஆய்வேட்டை முடித்துப் பட்டம் பெற்றார்.

அவருடைய கிதாரையும் சொல்ல வேண்டும். மின்னணுவியல் தெரிந்த தந்தையுடன் சேர்ந்து 1963-இல் அவர் அதைச் செய்யத் தொடங்கியபோது வயது பதினாறு. கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம்; சுரத்தைக் காட்டும் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்; தந்திகளின் இழுவையை மாற்றிச் சுரத்தை நெளியவைக்கும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். பணமில்லாத வீட்டில் செய்த அந்தக் கிதாரைத்தான் 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரைமீது நின்று வாசித்தார்.

கேள்வி: பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர் ஒருவர் செயற்கை இதயம் செய்தாராமே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஆம், அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் பால் வின்செல். மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக்கின் உதவியோடு வடிவமைத்து, 1963-இல் காப்புரிமை பெற்றார். தொண்டையில் உணவு சிக்கியவரின் வயிற்றை அழுத்திக் காப்பாற்றும் முறை இந்த மருத்துவரின் பெயரால்தான் வழங்குகிறது. வாயும் கண்ணும் அசையும் பொம்மைகளைத் தம் கையாலேயே செய்து பழகியவருக்குத் திறந்து மூடும் வால்வு அந்நியமானதன்று. காப்புரிமையை அவர் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டார். 1982-இல் அங்கே நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இதயத்தை வடிவமைத்த ராபர்ட் ஜார்விக், வின்செலின் வடிவத்தைத் தாம் பயன்படுத்தவில்லை என்று மறுத்திருக்கிறார். எனவே ‘செயற்கை இதயத்தின் தந்தை’ என்பதும் மேலே சொன்ன ‘வைஃபையின் தாய்’ வகையைச் சேர்ந்ததே.

கேள்வி: நம் ஊரில் அப்படி யாரும் இல்லையா?
(வாசகி, மதுரை)

பதில்: நடிகர் அஜித்குமாரைச் சொல்லலாம். ரேடியோவால் இயக்கும் சிறு விமானங்களில் நெடுங்கால ஈடுபாடு கொண்ட அவர், 2018-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்‌ஷா’ டிரோன் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். கருவியை உருவாக்கியவர்கள் மாணவர்களும் ஆசிரியர்களும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: சீட்டுக்கட்டை ஏழு முறை கலைத்தால்தான் சரியாகக் கலையும் என்று கண்டுபிடித்தவர் ஒரு மந்திரவாதியா?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: மந்திரவாதியாக இருந்து கணித மேதையானவர், பெர்சி டயகோனிஸ். பதினான்கு வயதில் நியூயார்க்கில் வீட்டை விட்டுக் கிளம்பி, டாய் வெர்னன் என்ற புகழ்பெற்ற மாயவித்தைக்காரருடன் ஊர் ஊராகச் சுற்றினார். நிகழ்தகவைப் பற்றி நண்பர் பரிந்துரைத்த நூலை வாங்கிப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. அதைப் படிப்பதற்காகவே மாலைக் கல்லூரியில் சேர்ந்து, 1974-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியரானார். டேவ் பேயருடன் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், 52 சீட்டுகளை இரண்டு பாதியாக்கி, விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று விழும்படி பிணைக்கும் முறையில் ஏழு முறை கலைத்தால் போதுமான அளவு கலந்துவிடும் என்று நிறுவினார்.

ஆனால் ரம்மி ஆடும் நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படிக் கலைப்பதில்லை. கட்டை ஒரு கையில் பிடித்து, மறுகையால் கொத்துக் கொத்தாக உருவிப் போடுகிறோம். இந்த முறையில் அதே அளவு கலக்கச் சுமார் 10,000 தடவை போட வேண்டும் என்பது டயகோனிஸின் கணக்கு. எங்கள் வீட்டில் நான்கு தடவைக்கு மேல் போட்டால், ‘சீட்டைக் கிழித்துவிடப் போகிறாய், பிரித்துப் போடு’ என்று ஒரு குரல் கேட்கும்.