பழைய கம்ப்ரசரைக் கழற்றி சொந்தமாக ஃபிரிட்ஜ் கட்டலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். கரெண்ட் அடிக்கடி போவதால் சோலார், 150 ஏ.எச். பேட்டரி, 12 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். எங்களுடைய பழைய 165 லிட்டர் ஃபிரிட்ஜ் பாடி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்ப்ரசர் மட்டும் நன்றாக ஓடுகிறது. அதைக் கழற்றி, பிளைவுட் பெட்டிக்குள் 2 அங்குல தெர்மாகோல் ஒட்டி, மேலே திறக்கிற மாதிரி 150 லிட்டர் ஃபிரிட்ஜ் கட்ட நினைக்கிறேன். சோலாரில் ஓடுமா?

பதில்: மேலே திறக்கிற பெட்டி என்று நீங்கள் யோசித்தது மிகச் சரி. குளிர்ந்த காற்று கனமானது. நிற்கிற ஃபிரிட்ஜில் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும். மேலே திறக்கிற பெட்டியில் அப்படியே கிடக்கும். ஆனால் கம்ப்ரசரைக் கழற்றாதீர்கள். அதற்கு முன்னால் பெட்டியைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் பேட்டரி தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே வந்த சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு சூடு உள்ளே நுழைகிறதோ அவ்வளவுக்குத்தான் கம்ப்ரசருக்கு வேலை. உங்கள் பெட்டிக்கே கணக்குப் போடுவோம். உள்ளளவு 60, 50, 50 செ.மீ. வைத்தால் 150 லிட்டர் வரும். சுவர், மூடி, அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர் பரப்பு. வெளியே 35 டிகிரி, உள்ளே 5 டிகிரி என்றால், 2 அங்குல தெர்மாகோல் வழியாக எந்நேரமும் சுமார் 42 வாட் சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1,000 வாட்-மணி. சின்ன ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் 1 பங்கு மின்சாரத்தில் ஒன்றரைப் பங்கு சூட்டைத் தள்ளும் என்று வைத்தால், இதற்கு மட்டுமே 670 வாட்-மணி வேண்டும்.

உங்கள் பேட்டரியில் இருப்பது 150 × 12 = 1,800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். எனவே கையில் இருப்பது 900. அதிலும் இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே எந்நேரமும் 10, 12 வாட் தின்னும், நாளைக்கு 250, 300 அதற்குப் போய்விடும். 5 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர இன்னும் 100. ஆக மொத்தம் 1,000 தாண்டிவிட்டது. மழை மேகம் சேர்ந்து வெயில் வராத நாளில் இரவோடு இரவாக இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிக்கும்.

அதே தெர்மாகோலை 4 அங்குலமாக்குங்கள். நுழையும் சூடு 25 வாட்டாக இறங்கும், மின்சாரம் 400 வாட்-மணி போதும். மொத்தம் 800க்குள் அடங்கிவிடும். பஃப் (பாலியூரித்தேன் நுரை) ஷீட் போட்டால் இன்னும் குறையும். பஃப்பில் இரண்டரை அங்குலமே 4 அங்குல தெர்மாகோலுக்குச் சமம்.

இதில் பலர் கோட்டைவிடுகிற இடம் ஈரம். எங்கள் பட்டறைக்கு ஒரு முறை கையால் கட்டிய பெட்டி ஒன்று வந்தது. கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்றார்கள். பிளைவுட்டைப் பிரித்ததும் சந்துகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தெர்மாகோல் ஷீட்டைத் தூக்கினால் நனைந்த துணி மாதிரி கனம். மரம் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. வெளியே எங்கிருந்தும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளிக்காற்றின் ஈரம்தான் சந்து வழியாக நுழைந்து, குளிர்ந்த பக்கம் பட்டு, சொம்பின் மேல் வேர்ப்பது போல உள்ளேயே வேர்த்திருக்கிறது. ஆகவே ஈரத் தடுப்பு வெளிப்பக்கம் வர வேண்டும்: பிளைவுட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே கனமான பாலித்தீன் ஷீட், ஒவ்வொரு இணைப்பிலும் அலுமினியம் டேப். தெர்மாகோலை ஒரே ஷீட்டாக வைக்காமல் 2 அங்குல ஷீட் இரண்டை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி மாற்றி ஒட்டுங்கள்.

சரி, கம்ப்ரசருக்கு வருவோம். அது தனி மோட்டார் இல்லை. கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் குழாய்), ஃபில்டர், கேபிலரி (மெல்லிய செம்புக் குழாய்), உள்ளே இருக்கிற கூலிங் காயில் எல்லாம் ஒரே மூடிய குழாய். கேபிலரியின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் நீளத்தை அந்தக் காயிலுக்கும் அந்த கேஸுக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள். குழாயை வெட்டினால் இந்தப் பொருத்தம் மொத்தமும் போய்விடும்.

பின்னால் இருக்கிற ஸ்டிக்கரில் கேஸின் பெயரைப் பாருங்கள். ஆர்-134ஏ என்று இருந்தால், அதில் ஊற்றுகிற ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். சரியாக வேக்கம் போடாமல் (பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் ஏற்றினால் அந்த ஈரம் கேபிலரி முனையில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கூலிங் வரும், அப்புறம் நிற்கும், மறுபடி வரும். வெளியே விட்ட கேஸும் லேசுப்பட்டதல்ல: கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், எரிகிற வாயு. வெளியே விட்ட பிறகும் ஆயிலில் கரைந்து கொஞ்சம் தங்கியிருக்கும். அந்தக் குழாயை ஒட்ட பிரேசிங் (பற்றவைப்பு) நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்ளும். பயிற்சியும் சாதனமும் இல்லாமல் இதில் கை வைக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்படியானால் வழி? 100 முதல் 150 லிட்டர் வரை, கூலிங் நன்றாக இருக்கிற, மேலே திறக்கிற டீப் ஃப்ரீசர் ஒன்றை வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை. அதன் சுவரில் ஏற்கெனவே பஃப் இருக்கிறது. குழாயைத் தொடாமல், வெளியே ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை மட்டும் சேர்த்தால் அது ஃபிரிட்ஜாகிவிடும். எஸ்.டி.சி-1000 வகை போதும். ஃப்ரீசரின் பிளக் தெர்மோஸ்டாட் வழியாகப் போக வேண்டும். 4 டிகிரி, வித்தியாசம் 2 டிகிரி (4-ல் நின்று 6-ல் மறுபடி ஓடும்), மறுபடி ஓட தாமதம் 5 நிமிடம் என்று அமையுங்கள். அந்த 5 நிமிடம் முக்கியம். நின்ற கம்ப்ரசரில் இரண்டு பக்க அழுத்தமும் கேபிலரி வழியாகச் சமமாக நேரம் வேண்டும்; உடனே ஸ்டார்ட் ஆனால் மோட்டார் திணறி, அதைக் காக்கிற ஓவர்லோடு சுவிட்ச் விழும். சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல், சின்ன தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துக் கட்டினால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரசர் ஓடாது.

இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரின் வெளிச்சுவரில் தெர்மாகோல் ஒட்டிவிடாதீர்கள். பல ஃப்ரீசர்களில் கண்டென்சர் குழாய் வெளித்தகட்டின் உள்பக்கமே ஒட்டியிருக்கும். 15 நிமிடம் ஓடவிட்டு பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்தச் சுவர்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதை மூடினால் கம்ப்ரசர் வெந்து போகும். உள்ளே குழாய் இருப்பதால் சுவரில் எங்கேயும் டிரில் போடக்கூடாது, சென்சார் வயரை மூடியின் ரப்பருக்கு அடியிலேயே விடுங்கள். ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க, ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். நழுவி வந்தால் அங்கே காற்று போகிறது. சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு நிழலில் வையுங்கள்.

இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா (லைன் கரெண்ட் போன்ற சீரான அலை தருகிறதா) என்று பாருங்கள். 100 வாட் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகிற நொடியில் 5, 6 மடங்கு இழுக்கும்; அதைத் தாங்க வேண்டும்.

காயில் உள்சுவரிலேயே இருப்பதால் கீரையும் தக்காளியும் சுவரில் பட்டால் உறைந்துவிடும். ஓரத்தில் தண்ணீர் பாட்டில், நடுவில் கூடையில் காய்கறி என்று அடுக்குங்கள். அடியில் வேர்வைத் தண்ணீர் தேங்கும், வாரம் ஒரு முறை வடிகால் மூடியைத் திறந்துவிட்டுத் துணியால் துடைத்தால் போதும். முதல் மூன்று நாள் கம்ப்ரசர் ஓடுகிற நேரத்தைக் குறித்து வையுங்கள். 24 மணி நேரத்தில் 5, 6 மணி நேரம் ஓடினால் உங்கள் பேட்டரிக்குச் சரி. 10ஐத் தாண்டினால் முதலில் மூடி ரப்பரைப் பாருங்கள், அதற்கடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸ் குறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.