வலிக்காத இம்பிளான்ட்டில் ரத்தம் வந்தால்?

கேள்வி: கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்ச நாளாகத் துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் வருகிறது, வாயில் கெட்ட சுவையும் இருக்கிறது. வலி துளியும் இல்லை, பல்லும் ஆடவில்லை. இது கிருமித்தொற்றா? ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போதுமா?

பதில்: இம்பிளான்ட்டைச் சுற்றித் தொற்று தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். வலி இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே நரம்புகள் நிறைந்த மெல்லிய நார்ப்படலம் உண்டு. இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. அதன் டைட்டானியம் உலோகம் நேராக எலும்போடு ஒட்டியிருக்கிறது. ஈறின் நார்களும் பல்வேரில் செருகிப் பிடிப்பதுபோல உலோகத்தில் பிடிப்பதில்லை, அதை ஒட்டி ஓடுவதோடு சரி. ஆகவே கிருமி கீழே இறங்குவது எளிது, அது இறங்குவது நமக்குத் தெரிவது கடினம்.

ஆடாமல் இருப்பதையும் நம்ப முடியாது. அடிப்பகுதி கொஞ்சம் எலும்பைப் பிடித்திருந்தாலே இம்பிளான்ட் அசையாது. அதுவே ஆடத் தொடங்கிவிட்டால் அநேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். மேலே உள்ள கேப் மட்டும் ஆடினால் உள் திருகு தளர்ந்திருக்கலாம், அதைச் சரிசெய்துவிடலாம்.

தொற்று ஈறோடு நின்றிருந்தால் அது மியூகோசைட்டிஸ்: சுத்தம் செய்தால் ஆறக்கூடியது. எலும்பும் கரையத் தொடங்கியிருந்தால் பெரி-இம்பிளான்டைட்டிஸ்: போன எலும்பு தானாகத் திரும்பாது. கண்ணாடியில் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்ப்பார். ரத்தமோ சீழோ கசிகிறதா என்று கவனிப்பார். கேப் மாட்டியபோது எடுத்த எக்ஸ்ரேயோடு இன்றைய எக்ஸ்ரேயை ஒப்பிடுவார். பழைய படம் இல்லையென்றால், ஈறு, இம்பிளான்ட் நோய்களை வகைப்படுத்த நிபுணர்கள் கூடிய 2017 உலகப் பட்டறையின் வரையறை உதவும்: ரத்தக் கசிவோடு 6 மி.மீ. அல்லது கூடுதல் ஆழம், 3 மி.மீ. அல்லது கூடுதல் எலும்பு இழப்பு இருந்தால் அது பெரி-இம்பிளான்டைட்டிஸ்.

மாத்திரை மட்டும் போதாது. கிருமிகள் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி வாழ்கின்றன. மருந்து அதற்குள் சரியாக ஊடுருவாது. படலத்தைக் கருவியால் சுரண்டியோ பொடி கலந்த காற்றைப் பீய்ச்சியோ அகற்றியே ஆகவேண்டும். சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். ஆழம் குறையாமல் ரத்தமோ சீழோ தொடர்ந்தால், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

சுத்தம் செய்வதோடு காரணத்தையும் தேடச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் தொற்று திரும்பிவரும். முதலில் சந்தேகிக்க வேண்டியது, கேப்பை ஒட்டிய சிமென்ட் ஈறுக்கடியில் மிச்சமாகத் தங்கியிருப்பது. இரண்டாவது, பிரஷ் நுழைய இடமில்லாதபடி கேப் புடைத்திருப்பது. மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: சொந்தப் பற்கள் காலப்போக்கில் மெல்ல நகரும், இம்பிளான்ட் நகராது. மாட்டியபோது இல்லாத இடைவெளி பின்னால் உண்டாகி, உணவு சிக்கத் தொடங்கும். இவற்றோடு பழைய ஈறுநோய், புகைபிடித்தல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

வீட்டில்: மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை, ஈறும் கேப்பும் சேரும் விளிம்பில் துலக்குங்கள். தினம் ஒருமுறை இன்டர்டென்டல் பிரஷ்ஷை (பல் இடுக்கில் விடும் சிறு பிரஷ்) இரு பக்கமும் விடுங்கள். அதன் கம்பி நைலான் பூசியதாக இருக்கட்டும். தளர்வாக அல்ல, லேசாக உரசிக்கொண்டு போகும் அளவே சரியான அளவு. முதல் சில நாட்கள் ரத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் கருவி கூடுதல் உதவிதான், பிரஷ்ஷுக்கு மாற்றாகாது. குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் போதும். நீண்டால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் சுவையும் மாறும். பற்பசைக்கும் அதற்கும் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

புதிதாக இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வீக்கம் இரண்டு, மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு வடிவது இயல்பு. அதற்குப் பிறகும் வலியோ வீக்கமோ ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாய் திறக்க முடியாமை, தாடைக்குக் கீழே பரவும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஆனாலும் ஓரிரு வாரத்துக்குள் பல் மருத்துவரையோ ஈறுநோய் நிபுணரையோ பாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும், இம்பிளான்ட்டின் தயாரிப்பு, அளவு எழுதிய அட்டையையும் எடுத்துப் போங்கள். திருகு வைத்த கேப்பைக் கழற்ற நேர்ந்தால், அந்தத் தயாரிப்புக்குப் பொருந்தும் திருகுளியைத் தேர்ந்தெடுக்க அந்த அட்டை வேண்டும்.