பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிகளில் மாணவர்களே உணவு பரிமாறிப் பாத்திரமும் கழுவுகிறார்களாமே, ஆள் பற்றாக்குறையா?

பதில்: இல்லை. எல்லோரும் சமம், எளிமையாக வாழ வேண்டும் என்பவை குவேக்கர்களின் அடிப்படைக் கொள்கைகள். உண்பவரே பரிமாறவும் கழுவவும் வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் இல்லை. பென்சில்வேனியாவில் 1799-ல் தொடங்கிய வெஸ்ட்டவுன் பள்ளியில் மாணவர் வேலைத் திட்டம் உண்டு. அயோவாவின் ஸ்கேட்டர்குட் பள்ளியில் பண்ணையும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: ஒரு வேளைச் சாப்பாடு எப்படி நடக்கும்?

பதில்: மேசைக்கு எட்டுப் பத்துப் பேர், வயது கலந்து, கூடவே ஓர் ஆசிரியர் என்பது நல்ல அமைப்பு. எல்லோரும் அமர்ந்ததும் சிறிது நேரம் மௌனம். யாரும் உரக்க ஜெபிப்பதில்லை. பிறகு அந்த வாரத்துப் பொறுப்பாளர் சமையலறையிலிருந்து பெரிய கிண்ணங்களைக் கொண்டுவருவார். அவை கைமாறிச் சுற்றிவரும். முதல் நான்கு பேர் நிறைய அள்ளிக்கொண்டால் கடைசியில் இருக்கும் சிறுவனுக்கு எதுவும் மிஞ்சாது. அதனால் முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு கரண்டிதான். ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தக் கிண்ணங்களே வேண்டாம். ஒரு கிண்ணத்துக் கரண்டியை இன்னொன்றில் யாராவது போட்டுவிடுவார்கள். சமையலறையிலேயே பெயர் எழுதி, மூடிய தட்டாகத் தரவேண்டும்.

கேள்வி: கழுவும்போது எங்கே தவறு நேர்கிறது?

பதில்: பெரும்பாலும் தொட்டிக்கு வருமுன்பே. மிச்சத்தை வழித்துத் தட்டுகளை அளவுவாரியாக அடுக்கித் தருவது அந்தந்த மேசையின் வேலை. அதை விட்டால் கழுவும் அணி அடுத்த வகுப்புக்குத் தாமதமாகும். கையால் கழுவ மூன்று தொட்டிகள் வேண்டும்: குறைந்தது 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் சோப்பு நீர், அலசும் நீர், கிருமிநீக்கி கலந்த நீர். நடுத் தொட்டியைத் தவிர்க்கவே கூடாது. சோப்பும் அழுக்கும் ஒட்டியிருந்தால் கிருமிநீக்கியின் வலு குறைந்துவிடும். முட்டை ஒட்டிய தட்டை நேராக வெந்நீரில் போட்டால் இன்னும் இறுகும். முதலில் குளிர்ந்த நீரில் ஊறட்டும். கடைசியில் காற்றில் உலரவிடுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கிருமி திரும்ப ஏறும்.

கேள்வி: தப்புச் செய்த மாணவரைத் தண்டனையாகக் கழுவ அனுப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. அன்றோடு மற்றவர்களுக்கும் அது அவமானமான வேலையாகிவிடும். பெரிய மாணவர்கள் சின்னவர்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அணிகளில் வயது கலந்திருக்கட்டும். முறைப்பட்டியலில் ஆசிரியர்களின் பெயரும் வேண்டும், மேற்பார்வைக்காக அல்ல, கழுவுவதற்கே. முறையை வாராவாரம் மாற்றாதீர்கள். வேலை கைவருமுன் ஆள் மாறிவிடுவார். இரண்டு மூன்று வாரம் ஒரே அணி இருக்கட்டும். அதிலும் ஒரேயடியாக எல்லோரையும் மாற்றாமல், பழையவர் இருவர் தங்கிப் புதியவர்களுக்குக் காட்டித்தரட்டும்.