ஹெவி லைசென்சுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகனுக்கு 20 வயது முடிந்துவிட்டது. கார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. தொலைதூரம் போகும் லைன் லாரி ஓட்ட ஆசைப்படுகிறான். டெஸ்டே இல்லாமல் வெளி மாநிலத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்துத் தர ஓர் ஏஜென்ட் 30 ஆயிரம் கேட்கிறார். கட்டலாமா, பள்ளியில் சேர்க்கலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்எல்ஆரே போட முடியும். இப்போதே எடுத்துத் தருகிறேன் என்பவர் பொய் முகவரியோ போலி அட்டையோதான் தருவார். நாளை ஒரு விபத்து என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டை லாரி முதலாளியிடம் திரும்பக் கேட்கும். முதலாளி உங்கள் வாசலில் வந்து நிற்பார். போலீஸ் கேஸ் தனி. இந்த ஏஜென்டுகளால் எத்தனை பிள்ளைகள் வீணாய்ப் போகிறார்கள்!

மீதி நான்கு மாதம் அவன் சும்மா இருக்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைக் கார் லைசென்சிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் சின்ன வண்டியில் சேரட்டும். ஆனால் மொத்த எடை என்றால் வண்டியும் சரக்கும் சேர்த்து. ஏழு டன் லோடு ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ஆர்சியில் போட்டிருக்கும் எண்தான் கணக்கு, வண்டி காலியாக ஓடினாலும் அதேதான். "சின்ன வண்டிதான் தம்பி, ஏறு" என்று முதலாளி சொன்னாலும் ஆர்சியைப் பார்க்காமல் ஏறக்கூடாது. கேஸ், பெட்ரோல் ஏற்றும் வண்டி என்றால் எடை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்சில் தனிப் பதிவும் வேண்டும்.

அப்புறம் பள்ளி. எடப்பாளில் கேரள அரசின் ஓட்டுநர் பயிற்சி நிலையமான ஐடிடிஆர் இருக்கிறது, நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டிலும் விசாரியுங்கள். உள்ளூர்ப் பள்ளி என்றால், மகன் கையில் ஸ்டியரிங் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். விதிப்படி 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் அவனே ஓட்ட வேண்டும். ஒரே பழைய லாரியில் பத்துப் பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு முழுச் சான்றிதழ் எழுதும் பள்ளிகள் இருக்கின்றன. இதைத் தடுக்க வேண்டிய ஆர்டிஓ அதிகாரிகள் டெஸ்ட் மைதானத்தில் ஒரு ரிவர்ஸ் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். லோடு வண்டியைத் தொப்பூர் கணவாயில் எந்த கியரில் இறக்குவாய் என்று யார் கேட்கிறார்கள்? டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் பிடிக்காமல் அங்கே போன உயிர்கள் கொஞ்சமா?

அதனால் லைசென்ஸ் வந்ததும் தனியாக அனுப்பாதீர்கள். ஆறு மாதமாவது ஒரு மூத்த டிரைவரோடு இரண்டாவது டிரைவராகப் போகட்டும். கயிறு கட்ட, தார்ப்பாய் போட, டயர் மாற்ற அங்கேதான் பழகுவான். பேட்டா குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை. லோடோடு மலை இறக்கத்தில் வண்டியை இவன் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற ஆளா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.