விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விடுவது வாயடைப்பதா?

எல்லோரும் பேசி முடிக்கும் முன்பே 'வாக்கெடுப்புக்கு விடுங்கள்' என்று மக்களவையில் ஓர் உறுப்பினர் கேட்கலாமா, அது ஜனநாயகம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்கலாம். ஆனால் யார் முடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இது எனக்கு உறைத்தது வேலூர் சத்துவாச்சாரியில், எங்கள் தெரு சங்கக் கூட்டத்தில். புது போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது பற்றிப் பேச்சு. மூன்று பேர் சொன்னதையே சொல்லி இரவு மணி பத்தாகிவிட்டது. தலைவர் "சரி, போதும்பா" என்று நோட்டை மூடிவிட்டார். கடைசி வரிசையில் கை தூக்கிக்கொண்டே இருந்த ஓர் அம்மாவுக்குப் பேச வாய்ப்பே வரவில்லை.

மக்களவையில் அப்படி மூட முடியாது. விதி 362-இன்படி, வாக்கெடுப்புக்கு விடும்படி எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவரலாம். நியாயமாக விவாதிக்கும் உரிமையை அது பறிப்பதாகச் சபாநாயகருக்குத் தோன்றினால் ஏற்கமாட்டார். ஏற்றாலும் அவையின் வாக்கு வேண்டும். அது நிறைவேறிய பிறகும், பதிலுரை சொல்லும் உரிமை உள்ள உறுப்பினரைப் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம்.

எங்கள் தலைவர் செய்ததை 1881-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் பிராண்டும் செய்தார். அயர்லாந்து உறுப்பினர்கள் விடாமல் பேசி, அமர்வு 41 மணி நேரத்தைத் தாண்டியதும், தன் பொறுப்பிலேயே விவாதத்தை நிறுத்தினார். அதற்கான விதியே அப்புறம்தான் வந்தது. இப்போது அங்கே விவாதத்தை முடிக்கக் குறைந்தது 100 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். அமெரிக்க செனட்டில் மசோதா விவாதத்தை முடிக்க 60 பேர் வேண்டும்.

என்னை உறுத்துவது இதுவல்ல, நம் மக்களவையில் 'கில்லட்டின்' எனப்படும் முறை. அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில் குறித்த நேரம் வந்துவிட்டால், மீதமுள்ள அமைச்சகங்களின் கோரிக்கைகள் பேச்சே இல்லாமல் வாக்குக்குப் போய்விடும். பட்ஜெட் குறித்த காலத்தில் நிறைவேற வேண்டும், சரி. ஆனால் பேசப்படாமலே போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் சங்கத்தில் அடுத்த கூட்டத்திலிருந்து, பேச்சை முடிக்க வேண்டுமா என்று கை தூக்கச் சொல்லி எண்ணுகிறோம். அன்றைக்கு அந்த அம்மாதான் முதலில் பேசினார். பழைய போரில் தண்ணீர் இருக்கிறதாம், மோட்டார்தான் ரிப்பேராம்.