சர்க்கரையை எடுத்தால் பழத்தையும் மாற்றுங்கள்

கேள்வி: சர்க்கரை சேர்க்காமல் ஆப்பிளை ஓவனில் சுட்டேன். குறிப்பில் இருந்தபடி பச்சை ஆப்பிள்தான் வாங்கினேன். பட்டைத்தூள், கிராம்புத்தூள் தாராளமாகப் போட்டும் வாயில் வைக்க முடியாத புளிப்பு, கூடவே ஒரு கசப்பு. ஒரு பழம் வெடித்து டிரே முழுக்க வழிந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: முதல் தப்பு பழத்தில். அந்தக் குறிப்பு சர்க்கரையை நம்பி எழுதியது. கிரானி ஸ்மித் மாதிரி பச்சை ஆப்பிளில் புளிப்பு தூக்கல். பழத்துக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை விழும்போது அந்தப் புளிப்பு தேவைதான். சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டால் புளிப்பைத் தாங்க ஆளில்லை. ஃபூஜி, காலா போன்ற இனிப்பு ரகம் வாங்குங்கள். காலா சீக்கிரம் குழையும் என்பதால் என் ஓட்டு ஃபூஜிக்கு.

அடுத்தது கிராம்பு. நாலு பழத்துக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். பல்வலிக்கு வைக்கிற சாமான் அது. கூடினால் கசக்கும், நாக்கு மரத்துப்போகும். பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன் தாங்கும். அதன் வாசனையே இனிப்பு இருப்பது போல நாக்கை ஏமாற்றும். ஜாதிக்காயை இரண்டு தேய் தேய்த்தால் போதும். ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள், இனிப்பு எடுத்துக்காட்டும்.

பழத்தின் காம்புப் பக்கமிருந்து டீஸ்பூனால் குடைந்து விதையை எடுங்கள். அடியில் ஒரு விரல் கனம் சதை நிற்க வேண்டும். முதல்முறை செய்தபோது நான் அடிவரை துளைத்துவிட்டேன். உள்ளே வைத்த பேரீச்சம்பழமெல்லாம் ஒழுகி டிரேயில் கரியாகப் பிடித்து, இரண்டு நாள் ஊறவைத்துச் சுரண்டினேன். அந்த டிரேயில் இன்னும் தழும்பு இருக்கிறது. அப்புறம், பழத்தின் இடுப்பைச் சுற்றி கத்தி முனையால் தோலை மட்டும் ஒரு கீறு கீறுங்கள். உள்ளே சேரும் நீராவி வெளியேற வழி வேண்டுமே! உங்கள் பழம் வெடித்தது அந்தக் கீறல் இல்லாமல்தான்.

நாலு ஆப்பிளுக்கு நாலு பேரீச்சம்பழம். கொட்டை நீக்கி, அரை கப் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மசியுங்கள். ஒரு கை வால்நட்டை உடைத்து, மசாலாவோடு சேர்த்துப் பிசைந்து குழியில் அடையுங்கள். மேலே சுண்டைக்காய் அளவு வெண்ணெய். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டிரேயில் ஊற்றுங்கள். 180 டிகிரியில், ஃபாயில் மூடி 20 நிமிடம், திறந்து 20 நிமிடம். திறந்த பிறகு டிரேயில் கிடக்கும் சாற்றை இரண்டு தடவை பழத்தின் மேல் ஊற்றிவிடுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

எடுத்தவுடன் ருசி பார்த்து, “இனிப்பே இல்லையே” என்று தேனைத் தேடாதீர்கள். ஆப்பிளில் அதிகம் இருப்பது ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை. சூட்டில் அதன் இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும், ஆற ஆற ஏறும். அரை மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பாகச் சாப்பிடுங்கள். அதற்குள் சாறும் கெட்டிப்பட்டு பழத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: அப்பாவுக்கு நீரிழிவு. சர்க்கரை போடாததால் அவருக்கு இரண்டு பழம் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சர்க்கரை சேர்க்கவில்லை என்பது வேறு, சர்க்கரையே இல்லை என்பது வேறு. நடுத்தர ஆப்பிள் ஒன்றில், அதாவது சுமார் 180 கிராமில், ஏறக்குறைய 19 கிராம் சர்க்கரை பழத்திலேயே இருக்கிறது. பேரீச்சம்பழத்திலோ 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல். என் வீட்டிலும் ஒருவருக்கு இதே நோய் உண்டு. அவர் பங்கில் பேரீச்சம்பழத்தை விட்டுவிட்டு வால்நட்டும் பட்டையும் மட்டும் அடைப்பேன், பாதிப் பழம்தான் தட்டுக்கு வரும். உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். பட்டை மருந்தாச்சே என்று அள்ளிப் போடவும் வேண்டாம். காசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் உண்டு, அது தினமும் அளவு மீறிப் போனால் ஈரலுக்கு ஆகாது.

கேள்வி: என்னிடம் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வேகும், சிவக்காது. ஒரு பழம் என்றால் கீறல் போட்டு, குழிவான கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீரோடு வைத்து, லேசாக மூடி 4 நிமிடம். போதவில்லை என்றால் அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். பேரிக்காயும் இதே மாதிரி செய்யலாம். நன்றாகக் கனிந்ததை மட்டும் விட்டுவிடுங்கள், கூழாகிவிடும்.