டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கிறேன். உள்ளாட்சிப் பாடம் வந்தாலே பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். திருத்த எண்ணையும் ஆண்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஊராட்சி அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தெருவிளக்கிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். நானும் பல வருடம் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், 1992 என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தேன். ஒரு நாள், "எங்க தெருவுல லைட் எரியல டீச்சர், அதை யார்கிட்ட சொல்லணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

மறுநாள் அவள் கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் விசாரித்தோம். கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கைப் பராமரிப்பதும் அதற்கு மின்கட்டணம் கட்டுவதும் ஊராட்சி. இந்த ஒரு விஷயம் வகுப்பையே நிமிர்ந்து உட்கார வைத்தது. அப்படியானால் தெருக்குழாய் யாருடையது, பள்ளிக்கு வரும் சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று அவர்களே கிளம்பிவிட்டார்கள். வார்டு உறுப்பினர், தலைவர், ஊராட்சி செயலர், பி.டி.ஓ. என்கிற வட்டார வளர்ச்சி அலுவலர் எல்லாம் அந்தத் தேடலில் தானாக வந்து சேர்ந்தார்கள். ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்ற மூன்றடுக்கு முறையை நான் தனியாக நடத்தவே இல்லை.

அடுத்து, வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொகையை வகுப்பில் சொல்ல வேண்டாம், சில வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கும். யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டுக்கானது என்பது போதும். ஒரு பையன் வீட்டு ரசீது இறந்துபோன தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. பெயர் மாற்ற எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று அவன் விசாரித்துச் சொன்னதை அவன் அப்பாவே ஆச்சரியமாகக் கேட்டாராம்.

பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர் குடவோலை முறையையும் விட்டுவிடாதீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று அதில் இருப்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெருமையோடு நிறுத்திவிடாமல், "யார் பெயரெல்லாம் அந்தக் குடத்தில் விழவே முடியாது?" என்று கேளுங்கள். சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35 முதல் 70 வரை. இன்று 21 வயதானால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம். தமிழ்நாட்டில் இடங்களில் பாதி பெண்களுக்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டபோது என் வகுப்புப் பெண்பிள்ளைகள் பேசிய பேச்சை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கிராம சபையில் குடிநீர் பற்றிக் கேட்கப் போகிறேன் என்கிறான். சின்னப் பையன் பேசினால் ஊரில் மனக்கசப்பு வருமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சிவகங்கை மாவட்டம்

பதில்: அவன் ஆசையை அணைத்துவிடாதீர்கள் அம்மா. கிராம சபைக்கு உறுப்பினர்கள் ஊராட்சியின் வாக்காளர்கள்தான். அதனால் அவன் பார்வையாளனாக உட்காரட்டும், கேள்வியை நீங்கள் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை நாட்கள். ஆகஸ்ட் 15 வசதியான நாள், பள்ளியில் கொடியேற்றிவிட்டு நேரே வந்துவிடலாம்.

அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். வந்திருப்பவர்களை எண்ணட்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், அதற்கு மேல் 3,000 வரை 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்குக் கையெழுத்து நோட்டு போனதை நானே ஓர் ஊரில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எண்ணத் தெரிந்த பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தாலே வித்தியாசம் தெரியும்.

"ஏன் தண்ணீர் வரல?" என்று மொட்டையாகக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். எந்தத் தெரு, எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிறது, எத்தனை நாளாக வரவில்லை என்று அவனை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் திறந்துவிடுபவரிடமும் முதலிலேயே போய் மரியாதையாகப் பேசட்டும், மோட்டார் பழுதா குழாய் உடைப்பா என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிய பிறகு தீர்மான எண்ணை அவன் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம்.